மெட்ராஸுக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று

1

போன வருஷம் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய ஒரு குறிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அச்சானதை எப்படி வாங்கிக்கொள்வாய் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அந்தக் காகிதம் இந்நேரம் எத்தனையோ கடையில் பக்கோடா மடிக்கப் போயிருக்கும். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

'போகும்போது தயிர், வரும்போது கப்' என்று அதற்குத் தலைப்பு வைத்திருந்தேன். ரைன் ஆற்றங்கரையில் நான் குடியிருக்கும் இந்த ஜெர்மன் நகரத்தில், கடைத்தெருவுக்குச் சாமான் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றிய குறிப்பு. முன்பெல்லாம் தயிர்க் கம்பெனிக்கு ஒரு லாரி, சோப்புக் கம்பெனிக்கு ஒரு லாரி, பிஸ்கட்டுக்கு ஒரு லாரி என்று ஒரே சந்தில் ஏழெட்டு லாரி நின்று புகை கக்கும். இப்போது எல்லாம் ஊருக்கு வெளியே உள்ள எங்கள் கிடங்குக்கு வருகிறது. அங்கே தெருவாரியாகப் பிரித்து, ஒரு தெருவுக்கு ஒரே லாரி. அந்த லாரியும் காலியாகத் திரும்பாது. ஜனங்கள் கழுவிக் கொண்டுவந்து கடையில் போட்ட கப், டப்பா, உறை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வரும். புகை குறைவு, குப்பை குறைவு, எல்லாருக்கும் புண்ணியம் என்று எழுதியிருந்தேன். அதோடு விட்டேனா? ரங்கநாதன் தெருக்காரர்கள் இங்கே வந்து ஒரு வாரம் பாடம் படித்துவிட்டுப் போகலாம் என்றும் முடித்திருந்தேன். என்ன வாய் எனக்கு.

நிறையப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அடையாறிலிருந்து ஒரு வாசகர் மட்டும் தபால் கார்டில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். "அம்மா, அந்தக் கப்பெல்லாம் அப்புறம் எங்கே போகிறது?" விவரம் தெரியாமல் எழுதியிருக்கிறார் என்று சிரித்துவிட்டுக் கார்டை மேஜை டிராயரில் போட்டேன். பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் விஜயா. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் முடிகிறது. கணவர் இயந்திரக் கம்பெனியில் வேலை. ஒரே மகள் மீரா, ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. நான் அந்தக் கிடங்கில் படிவங்கள் பார்க்கும் காகிதப் பிரிவில் இருந்தேன். இருந்தேன் என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜெர்மன் எனக்கு அரைகுறை. கிடங்கின் பின்பக்கம் ஒரு பெரிய கதவில் 'லேர்கூட்' என்று எழுதியிருந்தது. லேர் என்றால் காலி, கூட் என்றால் நல்லது என்று எனக்குத் தெரியும். ஆகக் 'காலியாக இருந்தால் நல்லது' என்று ஏதோ சுற்றுச்சூழல் வாசகம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஆறு மாதம் அந்தக் கதவைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதையோடு நடந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது திரும்பி வரும் காலி டப்பாக்களை வைக்கும் கொட்டகையின் பெயர். எங்கள் பிரிவின் தலைவர் க்ராமர் இதைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நல்ல மனிதர். அவரைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

காகிதப் பிரிவில் என் வேலை இதுதான். கொட்டகையில் சேரும் பிளாஸ்டிக்கை அழுத்தி, பெரிய கட்டுகளாகக் கட்டி, ஒரு தரகர் கம்பெனிக்குக் கொடுப்போம். அவர்கள் கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு படிவம். அதில், தரகர் சொல்லும் ஊரைக் கணினியின் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்து, ஓரத்தில் என் முதலெழுத்துகளைப் போட வேண்டும். கடை விலாசத்தைத் தரகர் அப்புறம் நிரப்பிக்கொள்வார். ஒரு ஊருக்கு மூன்று மாதத்தில் இவ்வளவு கன்டெய்னர்தான் என்று மேலிடத்து விதி. ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதி.

பட்டியலில் மெட்ராஸ் இருந்தது. அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். படிவத்தில் 'மறுசுழற்சி ஆலை' என்று போட்டிருக்கும். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் நடமாடும் ஒரு சுத்தமான ஆலையை அம்பத்தூர்ப் பக்கம் எங்கேயோ நானே கற்பனையில் கட்டிக்கொண்டேன். யாரும் எனக்குப் பொய் சொல்லவில்லை. நானாகவே கட்டியது.

ஊருக்குப் பெயர் மாறிய செய்தி வந்தபோது நான் ஆபீசில் ஒரு ஆட்டம் ஆடினேன். இனிமேல் மெட்ராஸ் கிடையாது, சென்னை, பட்டியலை மாற்றுங்கள் என்று க்ராமரிடம் போய் நின்றேன். "மெட்ராஸை எடுக்க முடியாது, பழைய காகிதங்கள் அதை நம்பி இருக்கின்றன. சென்னையை வேண்டுமானால் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். சேர்த்தேன். என் விரலால், எழுத்து எழுத்தாக. அன்று ஆபீசுக்குக் கேசரி செய்து எடுத்துப்போய் எல்லாருக்கும் கொடுத்தேன். அதன் பிறகு 'சென்னை' என்று வரும் ஒவ்வொரு படிவத்தையும் தனி உற்சாகத்தோடு முடித்து அனுப்பினேன். பட்டியல் அகரவரிசை. இரண்டு பெயரும் வெவ்வேறு பக்கம். 'மெட்ராஸ்' என்று வந்தவை பழைய பாக்கிக் காகிதம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாளும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

3

டிசம்பர் விடுமுறைக்கு நானும் மீராவும் மட்டும் ஊருக்கு வந்தோம். மயிலாப்பூர்க் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி என் அக்கா சாந்தியின் வீடு. மீரா வந்திறங்கிய நாளிலிருந்து போலீஸ் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அக்காவின் கணவர் வாழைப்பழத் தோலையும் மாத்திரை அட்டையையும் ஒரே வாளியில் போட்டதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பெரியப்பா, நீங்க குப்பையில கலப்படம் பண்றீங்க."

பாலில் கலப்படம், எண்ணெயில் கலப்படம் கேட்டிருக்கிறோம். குப்பையில் கலப்படம் என்று எங்கள் வம்சத்தில் யாரும் குற்றம் சாட்டப்பட்டதில்லை. அவர் சிரித்துச் சிரித்துத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்குப் பெருமைதான். குழந்தை தமிழை மறக்கிறாள், சாம்பாரை ஒதுக்குகிறாள், பாட்டு வகுப்புக்குப் போக மாட்டேன் என்கிறாள். ஆனால் இதையாவது ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கொரு ஆறுதல். அவள் பள்ளியில் எங்கள் கிடங்கே நடத்தும் ஒரு திட்டம் உண்டு. ஒவ்வொரு வகுப்பும் தயிர்க் கப்புகளைக் கழுவிக் காயவைத்து, பச்சைத் தவளை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்ப வேண்டும். தவளையின் வாயில் 'நான் திரும்பி வருவேன்' என்று எழுதியிருக்கும். அதன் கீழே வகுப்பின் பெயரைப் பேனாவால் எழுத வேண்டும். மீரா 4b.

அக்கா வீட்டுச் சமையலறையில்தான் அவள் முதலில் அசந்து போனாள். அக்கா பால் கவரின் மூலையை வெட்டிப் பாலை ஊற்றுவாள். கவருக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் பாலிலேயே ஊற்றிவிடுவாள். அப்புறம் ஈரக் கவரை அடுப்புக்கு மேலே இருக்கும் டைல்ஸில் அப்படியே ஒட்டிவிடுவாள். காய்ந்ததும் தானே உதிர்ந்து விழும். மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போடுவாள். பல வருஷமாக எங்கள் வீட்டில் நடக்கிற காரியம். நான் அதை ஒரு காரியமாகவே நினைத்ததில்லை.

"பெரியம்மா, யார் இதை உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க? இங்கயும் தவளை வந்துச்சா?" என்றாள் மீரா.

"தவளையா? எதுக்குடி தவளை? ஏழுமலை வாங்கிப்பான், அதான் காயவெக்கிறேன்."

ஏழுமலை எங்கள் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரர். என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வருகிறார். அப்போது சைக்கிள், இப்போது மூன்று சக்கர வண்டி. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் வீடு. பேப்பர், பாட்டில், பால் கவர் எல்லாம் வீடு வீடாக எடுத்து, தரம் பிரித்து, சைதாப்பேட்டையில் ஒரு பெரிய காயலான் கடையில் போடுவார். அங்கிருந்து கவர் அரைக்கப்பட்டுக் குடமாகவும் குளியல் மக்காகவும் திரும்ப மயிலாப்பூர்க் கடைக்கே வரும். யோசித்துப் பாருங்கள். நான் ஜெர்மனியில் பாடம் படிக்கக் கூப்பிட்டது இந்த ஊரை.

ஆனால் அந்த பிஸ்கட் டின் மூட முடியாமல் நிரம்பி வழிந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு டின், ஒரு அரிசிப் பை, எல்லாம் கவர். அன்று ஏழுமலை வந்தபோது பேப்பரை எடை போட்டார், பாட்டிலை எண்ணினார், கவர்ப் பையை மட்டும் தொடவில்லை.

"கவர் வோணாம்மா. எத்தினி தபா சொல்றது? எடுத்துகினு போனா எங்க கொண்டு போய் கொட்றது?"

"ஏன் ஏழுமலை, அந்தக் கடையில வாங்குவாங்களே" என்றேன் நான்.

"அது ஒரு காலம்க்கா. இப்ப ஒரு வருசமா வெளிநாட்டு கவரு கப்பல்ல வந்துகினு கீது. வேலி மாதிரி அடுக்கி வெச்சிக்கீறான். எங்களாண்ட வாங்கணும்னா அவன் துட்டு குடுக்கணும். அத்த வாங்கினா அவனுக்கே துட்டு குடுக்கறாங்களாம். அப்றம் இன்னாத்துக்கு எங்க கவரு? எங்க தெருவுல பத்து வண்டி கீது, எல்லாம் பாதி லோடுதான். என் பொஞ்சாதியே இப்ப அங்கதான் குந்திகினு அந்த கவர பிரிக்கிது."

மீரா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

"வந்து பாரு பாப்பா. உனுக்குன்னா படிக்க வரும். எங்களுக்கு ஒரு எழவும் புரியல" என்றார் ஏழுமலை.

4

மறுநாள் காலை ஆட்டோ பிடித்துச் சைதாப்பேட்டைக்குப் போனோம். மார்க்கெட்டைத் தாண்டி ஆற்றுப் பக்கம் இறங்கும் சந்தில் அந்த இடம். ஏழுமலை வாசலில் காத்திருந்து உள்ளே கூட்டிப்போனார்.

முதலில் நான் பார்த்தது கம்பியைத்தான். கட்டுகளைச் சுற்றியிருந்த நீல நிறக் கம்பி. எங்கள் கிடங்கில் அழுத்தும் இயந்திரத்துக்கு அந்த நீலக் கம்பியைத்தான் வாங்குகிறோம். உலகத்தில் நீலக் கம்பி ஒரு கிடங்கிலா இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். கையுறை கிடையாது. தெளிவான பிளாஸ்டிக் ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம், ஒன்றுக்கும் ஆகாதது ஒரு பக்கம். ஒன்றுக்கும் ஆகாததுதான் பெரிய குவியல். அதை வாரி எடுத்துப் பின்பக்கம் ஆற்றங்கரையில் கொட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை கரையோரக் குடிசைகளுக்குள் நேராகப் போனது. ஏழுமலையின் மனைவி கலா எழுந்து வந்தாள். கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. அழுதிருக்கிறாளோ என்று நினைத்தேன். எல்லாப் பெண்களுக்கும் கண் அப்படித்தான் இருந்தது.

மீரா குனிந்து எதையோ எடுத்தாள். திரும்பி என்னிடம் நீட்டினாள். ஒரு தயிர்க் கப். பச்சைத் தவளை. கீழே நீல மையில், குழந்தைக் கையெழுத்தில், 4b.

உலகம் சின்னது என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், கல்யாண வீட்டில் தெரிந்தவர்களைப் பார்த்தால் சொல்லுகிற மாதிரி. இவ்வளவு சின்னது என்று தெரியாது. என் வீட்டு சிங்க்கில் என் மகள் கழுவியிருக்கக்கூடிய கப் அது. கழுவும்போது மூடியில் தயிர் ஒட்டியிருந்தால் நான் திட்டித் திரும்பக் கழுவ வைப்பேன்.

"இன்னா பாப்பா எழுதிக்கீது அதுல?" என்றாள் கலா.

நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் திரும்பி வருவேன்னு எழுதியிருக்கு."

கலா ஒரு நிமிஷம் அந்தத் தவளையைப் பார்த்தாள். "அதான் தெனைக்கும் வந்துகினு கீதே" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததை நினைத்து இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

5

கடை முதலாளி பாஸ்கர் எங்களை உள்ளே அறைக்குக் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்று ஏழுமலை சொல்லியிருந்ததால் ஏகப்பட்ட மரியாதை. ஏழுமலையும் வாசற்படியில் நின்றார். எனக்கும் மீராவுக்கும் ஆளுக்கொரு கலர் பாட்டில் வந்தது. இதெல்லாம் முறைப்படிதான் வருகிறதா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அவருக்குக் கோபமே இல்லை. அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து என் முன்னால் பிரித்து வைத்தார்.

"எல்லாம் பேப்பர் பக்கா மேடம். ஒரு எழுத்து தப்பு கெடையாது. பாருங்க."

இரண்டு படிவங்கள். அதே மாதம். அதே கடை, அதே கதவு எண், அதே சந்து. ஒன்றில் போய்ச் சேரும் ஊர் மெட்ராஸ். இன்னொன்றில் சென்னை.

"இது என்ன ரெண்டு?" என்றேன்.

பாஸ்கர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அத்த ஏன் கேக்கறீங்க. அங்க இன்னா ரூலுன்னா, ஒரு ஊருக்கு இவ்ளோதான் அனுப்பலாம். அதுக்கு மேல ஒரு கன்டெய்னர் போவாது. நம்ம நல்ல நேரம் ஊரு பேர மாத்தினாங்க. அந்த ஆபீஸ்ல எவனோ புண்ணியவான் பழைய பேரையும் வெச்சிகினு புதுப் பேரையும் ஏத்திக்கீறான். இப்ப மெட்ராஸுக்கு ஒண்ணு, சென்னைக்கு ஒண்ணு. ரெண்டு ஊரு கணக்கு. ரெண்டும் இங்கதான் எறங்குது." அவர் இரண்டு படிவத்தின் ஓரத்தையும் விரலால் தட்டினார். "இதான் அந்த ஆளு கையெழுத்து. வி.எஸ்.னு போட்டுக்கீது. நேர்ல பாத்தா மாலைதான் போடணும்."

என் கேசரி நினைவுக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் வந்தது அந்தக் கேசரி வாசனைதான். ஏழுமலை நம்பியிருந்த கடையின் வாசலை ஒரு வருஷமாக அடைத்துக்கொண்டு நிற்கிற கட்டுகளில் பாதி, நான் ஒரு பெயரைச் சேர்த்ததால் வந்தவை. வாசற்படியில் அவர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

மீரா அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெர்மனில், தணிந்த குரலில், "அம்மா, இந்த வி.எஸ். நீதானே?" என்று கேட்டாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அவள் ரிப்போர்ட் கார்டில் நான்தான் போடுகிறேன்.

"பாப்பா இன்னா சொல்லுது மேடம்?" என்றார் பாஸ்கர்.

"தண்ணி வேணுமாம்" என்றேன்.

மீரா என்னைப் பார்த்தாள். அப்புறம் அந்தக் குழந்தை, தமிழ் வராது, தமிழ் வராது என்று நான் ஊரெல்லாம் புலம்புகிற குழந்தை, ஒரு பிழை இல்லாமல் தமிழில் சொன்னாள். "நான் தண்ணி கேக்கல."

நான்தான் எழுந்து வாசற்படிக்குப் போனேன். "ஏழுமலை, அந்த வி.எஸ். நான்தான்" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீங்களாக்கா? நீங்க போட்டதுன்னா நீங்களே எடுத்துடலாம்ல?" என்றார். அவ்வளவு சுலபமாகக் கேட்டார்.

6

திரும்பி வந்த முதல் வாரம் மீரா தயிர்க் கப்பைக் கழுவவில்லை. சாப்பிட்டு முடித்து நேராகக் குப்பையில் போட்டாள். கழுவு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் செய், உன் வேலை போனாலும் போகும்" என்றார். பயமுறுத்தவில்லை, உள்ளதைச் சொன்னார்.

ஆபீசில் போய்ச் சொன்னபோது க்ராமர் நம்பவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடத்தில் மெட்ராஸைத் தேடினார். பழைய வரைபடம், அதில் மெட்ராஸ்தான் இருந்தது. "சென்னை வேறு ஊர் என்றல்லவா நினைத்தேன்" என்றார். மெட்ராஸ் கிடையாது, சென்னை என்று நான் அன்று போய் நின்றதில், மாறியது பெயர் மட்டும்தான் என்பது அவருக்கு எட்டவே இல்லை. அவர் மட்டுமில்லை, அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். கேசரி சாப்பிட்டவர்கள் எல்லாரும், ஏதோ ஒரு புது ஊர் கண்டுபிடிக்கப்பட்டதற்கு நான் இனிப்புக் கொடுத்தேன் என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"நீங்கள்தான் மெட்ராஸை எடுக்க வேண்டாம் என்றீர்கள்" என்றேன். சொன்ன உடனே அது எனக்கே பிடிக்கவில்லை.

"சொன்னேன்" என்றார் அவர். "ஆனால் இரண்டும் ஒரே ஊர் என்று தெரிந்த ஒரே ஆள் இந்தக் கட்டடத்தில் நீங்கள்தான்."

பன்னிரண்டு வருஷத்தில் இந்த ஊரில் எனக்கு மட்டும் தெரிந்தது என்று ஒன்று இருந்ததென்றால் அது அதுதான். அதையும் கோட்டை விட்டேன்.

சரி, எந்தப் பெயரை நீக்க வேண்டும் என்று கேட்டார். விதிப்படி ஒன்றை நீக்கினால் கணக்கு நேராகிவிடும். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கலாவின் கண் நினைவுக்கு வந்தது. ஒரு பெயருக்கு வருகிற கட்டும் அதே சந்துக்குத்தான் வரும், அதே ஆற்றங்கரையில்தான் எரியும்.

"இரண்டையும்" என்றேன்.

அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், விளக்கக் கடிதம் வேண்டும், நான் பார்த்ததற்குச் சாட்சி வேண்டும் என்றார்கள். மீரா பத்திரமாகக் கொண்டுவந்திருந்த தவளைக் கப்பை மேஜையில் வைத்தேன். படிவம் மேல் படிவம் எழுதினேன். தப்பு என்னுடையது என்று ஒரு படிவத்தில் எழுத வேண்டியிருந்தது. அதற்கான ஜெர்மன் வாக்கியத்தை மட்டும் மீராவிடம் கேட்டு எழுதினேன், பிழை இருக்கக் கூடாது என்பதற்காக. இரண்டு மாதம் இழுத்தடித்து, கடைசியில் எங்கள் கிடங்கின் பட்டியலில் இரண்டு பெயருக்கும் எதிரே 'மூடப்பட்டது' என்று வந்தது. என் ஊர் அந்தப் பட்டியலில் இனி இல்லாத மாதிரிதான். நான்தான் கேட்டு மூட வைத்தேன்.

எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். காகிதப் பிரிவிலிருந்து மாற்றி, பின்பக்கக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். இப்போது நான் காலிப் பெட்டி எண்ணுகிறேன். அந்த 'லேர்கூட்' கதவைத் தினமும் நானே திறந்து நானே பூட்டுகிறேன். காலியாக இருந்தால் நல்லது. எனக்கு அப்போதே சரியாகத்தான் புரிந்திருக்கிறது.

7

இந்தக் குறிப்பை இதோடு முடித்திருப்பேன். போன வாரம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது.

ஏழுமலை நடுவில் கொஞ்ச நாள் கவர் எடுத்துக்கொண்டு போனாராம். ஒரு டின் காலியானதாம். கலா அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பால் கவர் பிரிக்க ஆரம்பித்தாளாம். இப்போது மறுபடியும் கவர் வேண்டாம் என்கிறாராம். கட்டு மறுபடியும் வருகிறது. கம்பி நீலமில்லை, பச்சை.

கடிதத்துக்குள் மடித்து ஒரு லேபிள் இருந்தது. கலா ஒரு கட்டிலிருந்து உரித்துக் கொடுத்ததாம். ஏழுமலை சொன்னதை அக்கா அவர் சொன்ன மாதிரியே எழுதியிருந்தாள். "அக்காவ கேளும்மா, இது எந்த ஊருன்னு படிச்சி சொல்ல சொல்லு. முன்ன வந்த ஊர்ல நம்ம அக்கா கீறாங்க, கேட்டோம், நிறுத்திட்டாங்க. இந்த ஊர்ல நம்ம ஆளு யார்னா கீறாங்களான்னு பாத்து சொல்ல சொல்லு."

லேபிளைப் படித்தேன். மீராவும் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். அதில் இருந்த ஊர், நாங்கள் குடியிருக்கும் நகரத்திலிருந்து ரயிலில் நாற்பது நிமிஷம். அங்கேயும் எங்களுடையது போல ஒரு கிடங்கு இருக்கிறது. ஒரு தெருவுக்கு ஒரே லாரி, வரும்போது கப். அவர்கள் பட்டியலில் என் ஊருக்கு ஒரு பெயரா, இரண்டு பெயரா, எனக்குத் தெரியாது. அங்கே போய்ப் படிவத்தைக் காட்டுங்கள் என்று கேட்க நான் யார்? காலிப் பெட்டி எண்ணுகிறவள். ஞாயிற்றுக்கிழமை போய் அந்தக் கட்டடத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம், நானும் மீராவும். வாசலில் பெயர்ப் பலகை, அழைப்பு மணிக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களின் பெயர்கள். மீரா ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள், ஏதாவது ஒன்று நம்ம ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதா என்று.

அடையாறு வாசகருக்கு: ஐயா, உங்கள் கார்டு என் கையில் இருக்கிறது. அந்தக் கப்பெல்லாம் உங்கள் வீட்டிலிருந்து ஆற்றோரமாக நடந்து போகிற தூரத்துக்குத்தான் போகிறது. ஒரு வருஷம் தாமதமான பதில், மன்னியுங்கள்.

மற்ற எல்லாருக்கும்: உங்கள் வீட்டுப் பிள்ளை, மருமகள், பக்கத்து வீட்டுப் பெண், யாராவது இந்த நாட்டில் ஏதாவது ஒரு ஆபீசில் படிவம் நிரப்பிக்கொண்டு இருக்கலாம். அவர்கள் மேஜையில் ஒரு பட்டியல் இருக்கலாம். அகரவரிசையில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழுமலை கேட்டதை நான் உங்களிடம் கேட்கிறேன், எனக்கு வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நம்ம ஆள் யாராவது அங்கே இருக்கிறார்களா?